காருக்குள்ள ஒரு கவுன்சலிங்!

உங்க காலேஜை நீங்க முதன்முதலா எப்போ பார்த்தீங்க? சேர்றதுக்கு முன்னாடியா, ஃபீஸ் கட்டின பிறகா?

கேன்டீன்ல பக்கத்து டேபிள்ல உட்கார்ந்திருக்கிற நாலு பேர்கிட்ட கேட்டுப் பாருங்க. 'அட்மிஷன் போட வந்த அன்னிக்குத்தான் பாஸ் பார்த்தேன்'னு ஒருத்தராவது சொல்வாங்க. தீபாவளிக்கு ஒரு சட்டை எடுக்க நாலு கடை ஏறி இறங்குவோம். ஒரு செல்போன் வாங்க நாற்பது பேர்கிட்ட விசாரிப்போம். ஆனா, நாலு வருஷம் வாழப்போற இடத்தை மட்டும் கண்ணால பார்க்காமலே 'ஓகே' சொல்லிடுவோம். நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். அந்தச் சோகக் கதை கொஞ்சம் கழிச்சு. அதுக்கு முன்னாடி ஒரு கார் பயணம் போயிட்டு வந்துடலாம். ஏறிக்கோங்க!

2023 ஏப்ரல். அமெரிக்காவுல நியூஜெர்சி மாநிலம், எடிசன்ங்கிற ஊர்ல இருக்கிற என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போன நேரம், ஸ்கூலுக்கு 'ஸ்பிரிங் பிரேக்' லீவு. அங்கே வசந்தகாலம்னா மரமெல்லாம் பூக்கும்கிறது மட்டும் இல்லீங்க... நம்ம ப்ளஸ் ஒன் மாதிரி பதினொண்ணாம் வகுப்பு படிக்கிற பிள்ளைங்க இருக்கிற வீட்டுல சூட்கேஸும் வெளியே வரும். குடும்பத்தோட காரை எடுத்துக்கிட்டு, காலேஜ் காலேஜா சுத்திப் பார்க்கிறது அந்த ஊர்ல ஒரு சடங்கு மாதிரி!

கணக்கு இதுதான். பன்னிரண்டாம் வகுப்பு போனதும் அப்ளிகேஷன் போடணும். அவசரக்காரங்களுக்கு நவம்பர்ல கெடு. மத்தவங்களுக்குப் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம். மார்ச் கடைசிக்குள்ள ரிசல்ட் வந்துடும். மே 1-க்குள்ள 'வர்றேன்', 'வரல'ன்னு பதில் சொல்லணும்கிறது பல காலேஜ்ல பல வருஷப் பழக்கம். அதனால, அதுக்கு முந்தின வசந்தத்துலயே சுத்திப் பார்த்துடறாங்க. இதை வச்சு 2008-ல் 'காலேஜ் ரோட் ட்ரிப்'னு டிஸ்னி ஒரு காமெடிப் படமே எடுத்துச்சு. பொண்ணு தூரத்துக் காலேஜுக்குப் போகணும்கிறா, போலீஸ்கார அப்பா பக்கத்துலயே இருன்னு அடம் பிடிக்கிறார். அப்பாக்கள் எல்லா ஊர்லயும் அப்பாக்கள்தான் போல!

எங்க வண்டியில அஞ்சு பேர். ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடி அத்தான். பக்கத்துல அக்கா. பின்னாடி அக்கா பொண்ணு பெரியவ, ஏழாவது படிக்கிற சின்னவன், நான். போற ரூட்: நியூ ஹேவன்ல யேல், பிராவிடன்ஸ்ல பிரவுன், பாஸ்டன் பக்கத்துல ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஒரு வழிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். சென்னையில வண்டியை எடுத்தா திண்டுக்கல்லை நெருங்குற தூரம். டிக்கியில புளிசாதம், இட்லி - மிளகாய்ப்பொடி, ஒரு டப்பா நார்த்தங்காய் ஊறுகாய். அமெரிக்காவே போனாலும் கட்டுச்சோறு இல்லாம எங்க அக்கா வண்டியில ஏற மாட்டா!

பின்னாடியே நடக்கிற கைடு

எல்லாக் காலேஜ்லயும் கிட்டத்தட்ட ஒரே ஃபார்முலா. முன்கூட்டியே நெட்ல பேர் கொடுத்துடணும். முதல்ல ஒரு ஹால்ல உட்கார வெச்சு, அட்மிஷன் ஆபீஸ் ஆளுங்க பேசுவாங்க. அப்புறம் கேம்பஸைச் சுத்திக் காட்ட ஒரு ஸ்டூடன்ட் வருவார். உங்களை மாதிரியே செகண்ட் இயரோ, தேர்ட் இயரோ படிக்கிறவர். கூட்டத்தைப் பார்த்துப் பேசணுமே... அதனால ஒரு மணி நேரமும் பின்னாடியே நடப்பார்! படி வந்தாலும் சரி, மரம் வந்தாலும் சரி, திரும்பிப் பார்க்காம தாண்டிப் போறதைப் பார்த்து சின்னவன் வாயைப் பிளந்துட்டான்.

கேள்வி எல்லாம் அப்பா, அம்மாக்கள்தான் கேட்பாங்க. 'ராத்திரி பாதுகாப்பா இருக்குமா?', 'துணி துவைக்க என்ன ஏற்பாடு?', 'வெஜிடேரியன் கிடைக்குமா?' (இது எங்க அக்கா!). பிள்ளைங்க எல்லாம் 'இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது'ங்கிற முகத்தோட ஆறடி தள்ளி நிப்பாங்க.

முதல் ஸ்டாப், யேல். அங்கே எனக்கு ஒரு ஷாக்! அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் எலிஹு யேல், நம்ம சென்னைக் கோட்டையில கவர்னரா இருந்தவர். 1672-ல கிழக்கிந்தியக் கம்பெனி கிளார்க்கா மதராஸ் வந்து, 1687-லிருந்து 1692 வரை கவர்னர் நாற்காலியில உட்கார்ந்தவர். ஊழல் புகார்ல பதவியே போச்சு. சம்பாதிச்ச சொத்தோட இங்கிலாந்து திரும்பி, 1718-ல அந்தச் சின்னக் காலேஜுக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகமும் அனுப்பிவெச்சார். சரக்கை வித்த காசு 562 பவுண்ட். அதுக்கு நன்றியா, காலேஜுக்கே அவர் பேரை வெச்சுட்டாங்க. அவரோட குட்டிப் பையன் டேவிட்டோட சமாதி, நம்ம ஹைகோர்ட் வளாகத்துல இருக்கு. மதராஸ்ல நடந்த அடிமை வியாபாரத்துல அவருக்கு இருந்த பங்கைப் பத்தியும் இப்போ வெளிப்படையாப் பேசுறாங்க.

'அப்போ நம்ம ஊர்க் காசுல எழுந்த பேரு இது... உனக்கு ஃபீஸ்ல தள்ளுபடி கேட்போமா?'ன்னு பெரியவகிட்ட கேட்டேன். அவ சிரிச்சா. அத்தான் சிரிக்கல. அப்பவே நான் கவனிச்சிருக்கணும்!

காதல் வந்த இடம்

ரெண்டாம் நாள் பிரவுன். பெரியவளுக்கு பயாலஜியும் பிடிக்கும், படம் வரையறதும் பிடிக்கும். 'ரெண்டுல ஒண்ணை எடு'ன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி நொந்துபோயிருந்தா. பிரவுன்ல 1969-லிருந்து 'ஓப்பன் கரிக்குலம்'னு ஒரு முறை. மேஜர் பாடத்துக்கு உண்டானதைப் படிச்சா போதும். மத்தபடி எல்லாரும் கட்டாயம் படிச்சே ஆகணும்னு பொதுப் பாடப் பட்டியல் கிடையாது. பயாலஜி லேப்லேர்ந்து வெளியே வந்து டிராயிங் கிளாஸுக்குப் போகலாம். பக்கத்துலயே அந்த நாட்டோட பெரிய டிசைன் காலேஜ் ஒண்ணும் இருக்கு. ரெண்டு இடத்துலயும் சேர்ந்து படிக்க அஞ்சு வருஷ கோர்ஸ் வேற!

அவ முகத்தைப் பார்க்கணுமே... முதல் முறையா கூட்டத்துக்கு முன்னாடி போய் நின்னா. கைடு சொல்றதை நோட்டுல எழுதினா. கடைசியில காலேஜ் கடைக்குப் போய், பிரவுன்னு எழுதின ஒரு காபி மக் வாங்கிட்டு வந்து, பாஸ்டன் வரைக்கும் மடியிலயே வெச்சிருந்தா. அக்கா கண்ணாடி வழியா அதைப் பார்த்துட்டு, அத்தானைப் பார்த்தா. அத்தான் ரோட்டையே பார்த்துட்டிருந்தார்.

மூணு பொய் சிலை

மூணாம் நாள் ஹார்வர்டு. அங்கே ஜான் ஹார்வர்டு சிலைக்கு 'மூணு பொய் சிலை'ன்னு ஒரு பட்டப்பேர். 'ஜான் ஹார்வர்டு, நிறுவனர், 1638'னு பீடத்துல எழுதியிருக்கு. அவர் நிறுவனர் இல்ல, பணமும் புத்தகமும் கொடுத்த புண்ணியவான். காலேஜ் ஆரம்பிச்சது 1638 இல்ல, 1636. சிலையில இருக்கிற முகமும் அவரோடது இல்ல. அவர் படம் எதுவும் மிஞ்சாததால, யாரோ ஒரு மாணவரை உட்காரவெச்சுச் செஞ்சுட்டாங்க! டூரிஸ்ட்டுங்க தொட்டுத் தொட்டு ஒரு காலோட ஷூ மட்டும் தங்கம் மாதிரி மின்னுது. அக்கா நிஜமாவே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. 2018-ல தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்த பல்கலைக்கழகமாச்சே, நமக்கும் பாத்தியதை உண்டுல்ல!

அங்கேர்ந்து எம்.ஐ.டி. பக்கத்துலதான். 1994-ல அந்தப் பெரிய குவிமாடத்து மேல ராத்திரியோட ராத்திரியா ஒரு போலீஸ் காரை ஏத்தி வெச்சாங்களாம் பசங்க. உண்மையில கார் இல்ல, மரச் சட்டத்து மேல காரோட தகடுகளை மாட்டினது. உள்ளே ஒரு பொம்மைப் போலீஸ், டோனட் டப்பாவோட! சின்னவன் அங்கேயே அட்மிஷன் கேட்டான்.

அந்த ராத்திரி

ஹோட்டல்ல தூக்கம் வராம கீழே வந்தேன். லாபியில அத்தான் லேப்டாப்போட உட்கார்ந்திருந்தார். ஸ்கிரீன்ல ஏதோ கட்டம் கட்டமா நம்பர். 'என்னத்தான் இது?'

'நெட் பிரைஸ் கால்குலேட்டர்'னார். அமெரிக்காவுல, அரசாங்க உதவித்தொகை வாங்குற மாணவர்களைச் சேர்க்கிற காலேஜ் எல்லாம் 2011 அக்டோபர்லேர்ந்து இதை வெப்சைட்ல வெச்சே ஆகணும்கிறது சட்டம். வீட்டு வருமானம், சேமிப்பு எல்லாம் தட்டினா, 'உங்க பிள்ளைக்கு எங்ககிட்ட தோராயமா இவ்வளவு ஆகும்'னு சொல்லும். நாங்க பார்த்துட்டு வந்த காலேஜ்ல எல்லாம் தங்குறது, சாப்பாடு சேர்த்து வருஷச் செலவு அப்போ 80,000 டாலரைத் தொட்டோ, தாண்டியோ நின்னுச்சு. நாலு வருஷத்துக்கு அன்னிக்கு டாலர் விலையில கிட்டத்தட்ட 2.6 கோடி ரூபாய்!

வருமானம் குறைவான வீடுன்னா கதையே வேற. இந்த மாதிரிப் பணக்காரக் காலேஜுங்க பெரும் பகுதியைத் தானே ஏத்துக்கும். பிரின்ஸ்டன் 2001-லயே கல்விக்கடனை எடுத்துட்டு, திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையா மாத்திடுச்சு. ஆனா அத்தான், அக்கா ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. கால்குலேட்டர் கணக்குல அவங்க வசதியானவங்க. வீட்டுக்கடன், ஊர்ல அப்பா - அம்மாவோட மருந்துச் செலவு, அஞ்சு வருஷத்துல சின்னவனுக்கும் காலேஜ்... இதெல்லாம் அதுக்கு முழுசாப் புரியாது.

'ரெண்டு மாசமா தட்டிட்டிருக்கேன். அதே நம்பர்தான் வருது'ன்னார். 'அவகிட்ட சொல்லிட்டீங்களா?' 'எப்படிடா சொல்றது? அந்த மக்கைப் பார்த்தல்ல?'

அப்பதான் அவர்கிட்ட என் கதையைச் சொன்னேன்.

ஃபவுன்டன்ல நாய்க்குட்டி

2002 ஜூலை. இன்ஜினீயரிங் கவுன்சலிங். 2018-ல எல்லாம் ஆன்லைன் ஆகிடுச்சு. அப்பெல்லாம் தமிழ்நாடு முழுக்க இருந்து குடும்பம் குடும்பமா அண்ணா யுனிவர்சிட்டிக்கு வரணும். விருதுநகர்லேர்ந்து ராத்திரி ரயில்ல அப்பாவும் நானும் நின்னுக்கிட்டே வந்து, எழும்பூர்ல இறங்கி, மின்சார ரயில்ல கிண்டி போனோம். மரத்தடியில எல்லாம் ஜனம். கையில சர்ட்டிஃபிகேட் ஃபைல், டிபன் பாக்ஸ். எந்தக் காலேஜ்ல, எந்தப் பிரிவுல எத்தனை சீட் மிச்சம்னு டி.வி-யில ஓடிட்டே இருக்கும்.

எங்க முறை வந்துச்சு. 'நீயே சொல்லுப்பா'ன்னார் அப்பா. 'நீங்க சொல்லுங்கப்பா'ன்னேன் நான். நேரம் ஓடுது. வெளியே கொடுத்த நோட்டீஸ்ல ஒரு காலேஜ் வாசல்ல அழகான ஃபவுன்டன் படம். அதைச் சொல்லிட்டேன். முடிஞ்சது! நாலு வருஷத்தை முடிவு பண்ண நாலு நிமிஷம்கூட ஆகல.

சேரப் போன அன்னிக்குப் பார்க்கிறேன்... ஃபவுன்டன்ல தண்ணி இல்ல. மூணு நாய்க்குட்டிங்க சுருண்டு படுத்திருந்துச்சு. (காலேஜ் பேர் வேண்டாம், நாய்க்குட்டிங்க மனசு கஷ்டப்படும்!) அந்த வெறுப்புலயே ரெண்டு வருஷம் பாதி கிளாஸை கட் அடிச்சேன். மேட்டினி ஷோ, டீக்கடை, அரட்டை.

தேர்ட் இயர்ல சித்தி வீட்டுக் கல்யாணம். அம்மா கழுத்தைப் பார்த்தேன். சங்கிலி பட்ட இடமெல்லாம் கறுத்துப் போயிருந்துச்சு. கவரிங் சங்கிலி. நிஜமானது, நான் சேர்ந்த வாரமே அடகுக் கடைக்குப் போயிடுச்சாம். மளிகைக் கடையில கணக்கு எழுதிட்டிருந்த அப்பா, அதை மீட்க முடியாம வட்டி மட்டும் கட்டிட்டிருந்தார். யாரும் எனக்குச் சொல்லல. 'படிக்கிற பிள்ளை, மனசு கஷ்டப்படக் கூடாது'ன்னு. ஃபீஸ் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். அது எங்கேர்ந்து வந்துச்சுனு தெரியாது. தெரிஞ்சிருந்தா, அந்த மேட்டினி ஷோவுல பாதியாவது குறைஞ்சிருக்கும்.

'சொல்லாம விட்டதுதான் அத்தான் எனக்கு இன்னும் வலிக்குது. பணம் இல்லாததுகூட இல்ல'ன்னேன். அவர் லேப்டாப்பை மூடினார்.

நாலாவது நாள்

திரும்பி வர்ற வழி. கனெக்டிகட்ல மழை தூறிட்டிருந்துச்சு. அத்தான் கண்ணை ரோட்டுலயே வெச்சுக்கிட்டு, தொண்டையைக் கனைச்சுட்டு ஆரம்பிச்சார். சம்பளம், கடன், தாத்தா - பாட்டிக்கு அனுப்புறது, தம்பிக்கு ஒதுக்கினது, எல்லாத்தையும் வரிசையாச் சொன்னார். 'கடன் இல்லாம வருஷத்துக்கு 35,000 டாலர் வரைக்கும் அப்பாவால முடியும் பாப்பா. அதுக்கு மேல உன் தலையில கடனா வந்து உட்காரும்.'

பெரியவ ஒண்ணும் பேசல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. ஹெட்போனை மாட்டினா. அழறாளான்னு பார்க்க எனக்குத் தைரியம் வரல. அக்கா இட்லியை எடுத்து நீட்டினா. வேண்டாம்னு தலையை ஆட்டினா. அரை மணி நேரம் வைப்பர் சத்தம் மட்டும்தான்.

அப்புறம் ஹெட்போனைக் கழட்டிட்டு, 'இதை ஏம்ப்பா கிளம்பும்போதே சொல்லல?'ன்னா. அத்தானுக்குப் பதில் வரல. கொஞ்சம் கழிச்சு அவளே சொன்னா... 'நம்பர் சொன்னதுக்கு தேங்க்ஸ்ப்பா. என் ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் அவங்க வீட்டு நம்பர் தெரியாது.'

அஞ்சாம் நாள், லிஸ்ட்லயே இல்லாத ஒரு இடத்துக்குப் போனோம். வீட்டுலேர்ந்து கால் மணி நேரத்துல இருக்கிற ரட்கர்ஸ். 1766-ல ஆரம்பிச்ச பழைய காலேஜ், இப்போ அந்த மாநிலத்தோட யுனிவர்சிட்டி. சொந்த மாநிலத்துப் பிள்ளைங்களுக்கு, முதல்ல பார்த்த இடங்கள்ல ஆகுற முழுச் செலவுல பாதிக்கும் கம்மி. ஆத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா கேம்பஸ் பிரிஞ்சு கிடக்கு. ஒரு கிளாஸ் முடிச்சு அடுத்ததுக்கு பஸ் பிடிச்சுப் போகணும். இந்த முறை அக்கா, அத்தான் வாயே திறக்கல. கேள்வி எல்லாம் பெரியவதான் கேட்டா. 'பயாலஜி மேஜர் எடுத்தா ஆர்ட் கிளாஸ்ல இடம் கிடைக்குமா?', 'லேப்ல ஃபர்ஸ்ட் இயரையே சேர்ப்பாங்களா?' ஆறடி தள்ளி நின்ன பொண்ணு, கைடுக்கு ஓரடி முன்னாடி நின்னுட்டிருந்தா.

இப்போ அங்கேதான் படிக்கிறா. போன மாசம் வீடியோ கால்ல பேசும்போது பிரவுன் மக்லதான் காபி குடிச்சுட்டிருந்தா. 'வருத்தம் இருக்கா?'ன்னு கேட்டேன். 'கொஞ்சம் இருக்கு மாமா. ஆனா, தெரிஞ்சே விட்டேன். யாரும் என்னை ஏமாத்தல'ன்னா.

அவ்வளவுதான் ஃப்ரெண்ட்ஸ் விஷயம். 400 கிலோமீட்டர் போய்ப் பார்த்த கட்டடங்களைவிட, திரும்பி வந்த வழியில காருக்குள்ள நடந்த அந்தப் பேச்சுதான் நிஜமான கவுன்சலிங்!

நமக்குக் காரும் வேண்டாம், ஸ்பிரிங் பிரேக்கும் வேண்டாம். டவுன் பஸ் போதும். உங்க தம்பியோ, சித்தி பொண்ணோ இப்போ ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கிறாங்களா? அவங்களுக்கு நீங்கதான் கைடு. பின்னாடியே நடக்கத் தெரியணும்னு இல்ல, பொய் சொல்லாம இருந்தா போதும்!

கூட்டிட்டுப் போறீங்களா? இதை நோட் பண்ணுங்க...

* விழா நாள்ல போகாதீங்க. கிளாஸ் நடக்கிற சாதாரண நாள்ல போங்க. கல்யாண வீட்டுல பார்த்த பொண்ணும் மாப்பிள்ளையும் மாதிரி, விழா நாள்ல எல்லாக் காலேஜும் அழகுதான்!

* ஃபர்ஸ்ட் இயர்கிட்ட கேட்காதீங்க, தேர்ட் இயர்கிட்ட கேளுங்க. 'என்ன பிடிக்கும்?'னு கேட்டா நோட்டீஸ்ல இருக்கிற பதில்தான் வரும். 'என்ன பிடிக்கல?'ன்னு கேளுங்க.

* லேப்ல மெஷின் இருக்கான்னு பார்க்காதீங்க. ஓடுதான்னு பாருங்க. சாயங்காலம் லைப்ரரி எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்னு விசாரிங்க.

* ஹாஸ்டல் மெஸ்ல ஒரு வேளை சாப்பிடுங்க. பாத்ரூமை ஒரு தடவை எட்டிப் பாருங்க. ஊருக்குக் கடைசி பஸ் எப்போன்னு தெரிஞ்சுக்கோங்க.

* தமிழ்நாட்டுல தனியார் இன்ஜினீயரிங் காலேஜ் கட்டணத்தை நிர்ணயிக்க ஒரு கமிட்டி இருக்கு. அதுக்கு மேல பஸ், ஹாஸ்டல், டெபாசிட், டிரெய்னிங்னு என்னென்ன வரும்னு எழுதி வாங்கி, மொத்தத்தையும் கூட்டிப் பாருங்க. வீட்டுல முதல் பட்டதாரியா? 2010-ல வந்த கட்டணச் சலுகையைப் பத்தி மறக்காம விசாரிங்க.

* கடைசியா, திரும்பி வர்ற பஸ்ல அப்பாவுக்குப் பக்கத்து சீட்ல தம்பியை உட்கார வைங்க. நீங்க பின்னாடி சீட்டுக்குப் போயிடுங்க. 'நம்மால எவ்வளவுப்பா முடியும்?'ங்கிற அந்த ஒரு கேள்வியை அவனே கேட்கட்டும்.

ஏற்கெனவே சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிப்போச்சா? பரவாயில்லை. இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போறப்போ, உங்க ஃபீஸ் எங்கேர்ந்து வருதுன்னு அம்மாகிட்ட கேளுங்க. 'அதெல்லாம் உனக்கு எதுக்கு?'ன்னுதான் முதல்ல சொல்வாங்க. விடாதீங்க. இன்னொரு தடவை கேளுங்க.